அத்தியாயம் 9: அலுவலகக் கணினி, வீட்டு பிரவுசரில்

இந்த அத்தியாயத்துக்குள் போகும் முன் ஒரு வேலை இருக்கிறது. அலுவலக ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து, ‘போர்ட் ஃபார்வர்டிங்’ என்ற பகுதியைப் பாருங்கள். அங்கே 3389 என்ற எண் இருந்தால் உடனே நீக்குங்கள். விண்டோஸின் ரிமோட் டெஸ்க்டாப் காத்திருக்கும் எண் அது. ‘வீட்டிலிருந்து டாலி பார்க்கணும்’ என்று யாரோ கேட்டிருப்பார்கள். நெட்வொர்க் வேலைக்கு வந்தவர் அதைத் திறந்துவிட்டுப் போயிருப்பார். வேலையும் அன்றே நடந்திருக்கும். ஆனால் இணையத்தில் எங்கெல்லாம் 3389 திறந்திருக்கிறது என்று தேடிப் பார்ப்பதற்கென்றே நிரல்கள் இரவும் பகலும் ஓடிக்கொண்டிருக்கின்றன. கிடைத்த இடத்தில் அவற்றை ஓட்டும் திருடர்கள் ‘அட்மின்’, ‘அக்கவுண்ட்ஸ்’, ‘டாலி’ என்று பெயர்களை மாற்றி மாற்றிப் போட்டுக் கடவுச்சொல்லை ஊகித்துக்கொண்டே இருப்பார்கள். ஒருமுறை உள்ளே வந்துவிட்டால் கணக்குக் கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்பார்கள். எண்ணை 3390 என்று மாற்றி வைத்தால் போதும் என்று சிலர் சொல்வார்கள். அது போதாது. தேடும் நிரல்கள் அந்த எண்ணையும் பார்க்கின்றன.

கடவுச்சொல் வலுவாக இருந்தாலும் ஆபத்து தீர்ந்துவிடாது. 2019 மே மாதம் ‘புளூகீப்’ என்ற ஓட்டை வெளியே தெரிந்தபோது, பழைய விண்டோஸ் கணினிகளுக்குள் நுழையக் கடவுச்சொல்லே தேவைப்படாது என்ற நிலை இருந்தது. 2014-லேயே ஆதரவை நிறுத்திவிட்ட விண்டோஸ் எக்ஸ்பிக்குக்கூட மைக்ரோசாஃப்ட் அப்போது திருத்தம் வெளியிட்டது. எவ்வளவு பெரிய ஓட்டையாக இருந்தால் ஒரு நிறுவனம் ஐந்து ஆண்டுக்கு முன் கைவிட்ட பொருளுக்குத் திரும்பி வந்து திருத்தம் போடும் என்று எண்ணிப் பாருங்கள்.

வீட்டிலிருந்து அலுவலகக் கணினியைப் பார்க்க வேண்டும் என்ற தேவை நியாயமானது. ஜிஎஸ்டி தாக்கல் நாள் நெருங்கும்போது தணிக்கை அலுவலகத்தில் எல்லோரும் ஒரே கணினியைச் சுற்றி நிற்க முடியாது. பிரசவ விடுப்புக்குப் பின் பகுதி நேரமாக வீட்டிலிருந்து வேலை பார்க்கும் பெண்ணுக்கு இது சம்பளம் வரும் வழி. அதனால் ‘திறக்காதே’ என்று சொல்லி நிறுத்திக்கொள்ள எனக்கு மனமில்லை. கணினியை நேரடியாக இணையத்துக்குக் காட்டாமல், நடுவில் ஒரே ஒரு வாசல் வைத்து, அந்த வாசலை பிரவுசரில் திறக்கும் வழியைத்தான் இந்த அத்தியாயம் சொல்கிறது.

பிரவுசருக்குள் டெஸ்க்டாப் எப்படி வருகிறது

தொலைவில் உள்ள திரையைக் காட்டப் பழைய இரண்டு நெறிமுறைகள் இருக்கின்றன. ஒன்று மைக்ரோசாஃப்ட்டின் ஆர்டிபி. 1998-இல் விண்டோஸ் என்டி 4.0-இன் டெர்மினல் சர்வர் பதிப்போடு வந்தது. மற்றது விஎன்சி. கேம்பிரிட்ஜில் இருந்த ஒலிவெட்டி ஆராய்ச்சிக் கூடத்தில் பிறந்தது, வழக்கமாக 5900 என்ற எண்ணில் காத்திருக்கும். இரண்டுக்கும் அடிப்படையான வித்தியாசம் ஒன்று உண்டு, அதை முதலிலேயே மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும். சாதாரண விண்டோஸ் கணினியில் நீங்கள் ஆர்டிபியில் நுழைந்தால், அலுவலகத்தில் அந்தக் கணினி முன்னால் உட்கார்ந்திருப்பவரின் திரை பூட்டிக்கொள்ளும். விஎன்சியில் இருவரும் ஒரே திரையைப் பார்ப்பீர்கள், ஒரே மவுஸை இருவரும் இழுப்பீர்கள். தனியாக வேலை செய்ய ஆர்டிபி. ஒருவருக்குச் சொல்லிக்கொடுக்க, கூட இருந்து பார்க்க விஎன்சி.

இந்த இரண்டையும் பிரவுசர் நேரடியாகப் பேசாது. பிரவுசருக்குத் தெரிந்தது வலைப்பக்கமும், 2011 டிசம்பரில் தரப்படுத்தப்பட்ட வெப்சாக்கெட் என்ற இருவழி இணைப்பும்தான். ஆகவே நடுவில் ஒரு மொழிபெயர்ப்பாளர் வேண்டும். அந்த வேலையை நன்றாகச் செய்யும் கட்டற்ற மென்பொருள் ‘அப்பாச்சி குவாக்கமோலி’. 2010-இல் மைக் ஜம்பர் தொடங்கிய திட்டம், 2016-இல் அப்பாச்சி அறக்கட்டளையின் அடைகாப்புக்குள் வந்து, 2017-இல் அதன் முழுத் திட்டமாக ஆனது. விலை கிடையாது.

அதன் உள்ளே இரண்டு பாகங்கள். ‘குவாக்டி’ என்பது பின்னால் ஓடும் சேவை. ஆர்டிபி, விஎன்சி, எஸ்எஸ்எச், டெல்நெட் எல்லாம் பேசத் தெரிந்தது அதற்குத்தான். முன்னால் இருக்கும் வலைச்செயலி டாம்கேட் சர்வரில் ஓடுகிறது. லாகின் பக்கம், யாருக்கு எந்தக் கணினி என்ற பட்டியல் எல்லாம் அதன் பொறுப்பு. நீங்கள் வீட்டில் ‘அ’ விசையை அழுத்தினால், எந்த விசை என்ற சிறு செய்தி மட்டும் பிரவுசரிலிருந்து வலைச்செயலிக்குப் போகிறது. அது குவாக்டியிடம் ஒப்படைக்கிறது, குவாக்டி அதை ஆர்டிபியாக மாற்றி அலுவலகக் கணினிக்கு அனுப்புகிறது. திரையில் மாறிய சிறு கட்டம் மட்டும் படமாகத் திரும்பி வருகிறது. டாலி கோப்பு அலுவலகத்தை விட்டு நகர்வதே இல்லை. நீங்களாக எதையும் இறக்கி வைக்காத வரை, வீட்டு மடிக்கணினி தொலைந்துபோனால்கூட அதில் உங்கள் வாடிக்கையாளரின் பான் எண் ஒன்றும் இருக்காது. இந்த முறையை நான் விரும்புவதற்கு முதல் காரணம் இதுதான்.

எல்லோருக்கும் இவ்வளவு வேண்டுமா?

வேண்டாம். ஒரே ஒருவர், ஒரே ஒரு கணினி என்றால் ‘குரோம் ரிமோட் டெஸ்க்டாப்’ போதும். இலவசம். விண்டோஸ் ஹோம் பதிப்பிலும் ஓடும் (ஹோம் பதிப்புக்குள் ஆர்டிபி வழியாக வர முடியாது என்பதால் இது முக்கியம்). அலுவலகக் கணினியில் ஒரு சிறு நிரலை நிறுவி, குறைந்தது ஆறு இலக்கப் பின் எண்ணை வைத்தால், உங்கள் கூகுள் கணக்கில் நுழைந்து எந்த பிரவுசரிலிருந்தும் திறக்கலாம். ரவுட்டரில் எதையும் திறக்க வேண்டியதில்லை. ஊரில் இருக்கும் அப்பாவின் கணினியைச் சரிசெய்யவும் இதுவே நல்லது: அவர் திரையில் வரும் 12 இலக்க எண்ணைத் தொலைபேசியில் படித்துச் சொன்னால் போதும், அந்த எண் ஐந்து நிமிடத்தில் காலாவதியாகிவிடும். ஆனால் அந்த எண்ணை முன்பின் தெரியாதவர் கேட்டால் சொல்லக்கூடாது என்று அப்பாவிடம் அழுத்திச் சொல்லி வையுங்கள். வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்லித் திரையைக் கைப்பற்றும் மோசடி இந்த மாதிரி எண்ணை வாங்கித்தான் நடக்கிறது. குரோம் வழியின் பாதுகாப்பு முழுக்க உங்கள் கூகுள் கணக்கில்தான் இருக்கிறது. அதில் இரண்டடுக்குச் சரிபார்ப்பு இல்லையென்றால் இதைத் தொடவே வேண்டாம்.

சர்வரில் மெய்நிகர் கணினிகள் ஓட்டுபவர்களுக்கு ‘நோவிஎன்சி’ ஏற்கெனவே கையில் இருக்கிறது. பிராக்ஸ்மாக்ஸில் ‘கன்சோல்’ என்று அழுத்தினால் திறப்பது அதுதான். விண்டோஸ் சர்வரும் அதன் ரிமோட் டெஸ்க்டாப் சேவைகளும் முழு உரிமத்தோடு வைத்திருப்பவர்களுக்கு மைக்ரோசாஃப்ட்டே ஒரு பிரவுசர் வழியைத் தருகிறது. இந்த இரண்டையும் இங்கே விரிக்கவில்லை.

மூன்று பேருக்கு மேல் வர வேண்டும், ஒருவர் வேலையை விட்டுப் போனால் அவர் வழியை மட்டும் அடைக்க வேண்டும், யார் எப்போது வந்தார் என்ற பதிவு வேண்டும் என்றால் குவாக்கமோலிக்கு வாருங்கள். இனி வருவதெல்லாம் அதைப் பற்றியது.

அலுவலகக் கணினியைத் தயார் செய்தல்

விண்டோஸ் புரோ பதிப்பு வேண்டும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. தொலைவிலிருந்து திறக்கப்போகும் கணினியாவது 11-இல் இருக்கட்டும். ‘செட்டிங்ஸ்’, ‘சிஸ்டம்’, ‘ரிமோட் டெஸ்க்டாப்’ என்று போய் அதை இயக்குங்கள். ‘நெட்வொர்க் லெவல் ஆதென்டிகேஷன்’ என்பது இயங்கட்டும், அணைக்காதீர்கள். வருகிறவர் ஒவ்வொருவருக்கும் தனி விண்டோஸ் பயனர், அதுவும் நிர்வாக உரிமை இல்லாத பயனர்.

புரோ பதிப்பில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் வேலை செய்ய முடியும். இந்தக் கட்டுப்பாட்டை உடைக்கும் சிறு நிரல்கள் இணையத்தில் கிடைக்கின்றன, தெரிந்தவர்களே பரிந்துரைப்பார்கள். அவை விண்டோஸ் உரிமத்துக்கு மாறானவை. அடுத்த அப்டேட்டில் உடையும், உடைகிற நாள் பெரும்பாலும் தாக்கல் நாளாக இருக்கும். ஒரே கணினியில் பலர் வேலை செய்ய வேண்டுமென்றால் விண்டோஸ் சர்வரும், ஆளுக்கொரு ரிமோட் டெஸ்க்டாப் உரிமமும் வாங்க வேண்டும். உரிமமில்லாமல் 120 நாள் ஓடும் என்பது சலுகைக் காலம், அதற்குப் பின் இணைப்பு மறுக்கப்படும். டாலியிலும் பலர் ஒரே நேரத்தில் புழங்க கோல்டு உரிமம்தான் வேண்டும், சில்வர் போதாது. இந்தச் செலவையெல்லாம் முதலிலேயே காகிதத்தில் எழுதிக் கூட்டிப் பாருங்கள். சில அலுவலகங்களுக்கு ஆளுக்கொரு பழைய புரோ கணினியை அலுவலகத்திலேயே ஓரமாக ஓட விடுவது மலிவாக முடியும்.

அடுத்தது மின்சாரம். நம் ஊரில் தொலை இணைப்பு அறுந்துபோவதற்கான காரணத்தைத் தேடும்போது நான் முதலில் பார்ப்பது இதைத்தான். கணினி தூங்கப் போகக்கூடாது: ‘பவர்’ அமைப்பில் ‘ஸ்லீப்’ என்பதை ‘நெவர்’ ஆக்குங்கள், திரை மட்டும் அணையட்டும். பயாஸில் ‘மின்சாரம் திரும்பினால் தானே இயங்கு’ என்ற பொருளில் ஒரு தேர்வு இருக்கும், அதை இயக்குங்கள். இல்லையென்றால் சனிக்கிழமை மதியம் மின்வெட்டு வந்தால் திங்கட்கிழமை காலை யாராவது போய்ப் பொத்தானை அழுத்தும் வரை கணினி எழாது. யுபிஎஸ் கணினிக்கு மட்டும் போதாது, ரவுட்டருக்கும், ஃபைபர் இணைப்பின் சிறு பெட்டிக்கும் சேர்த்து வேண்டும். கணினி விழித்திருந்து ரவுட்டர் செத்திருந்தால் வெளியே இருப்பவருக்கு இரண்டும் ஒன்றுதான். அணைந்திருக்கும் கணினியை வலைவழியே எழுப்பும் ‘வேக் ஆன் லேன்’ வசதி குவாக்கமோலியிலேயே இருக்கிறது. மதர்போர்டு அதை ஆதரித்தால், இணைப்பின் அமைப்பில் கணினியின் மேக் முகவரியைக் கொடுத்து வையுங்கள்.

வாசலை நிறுவுதல்

வாசலுக்கென்று தனிக் கணினி வையுங்கள். 4 ஜிபி ரேம் உள்ள பழைய கணினியில் உபுண்டு சர்வரோ டெபியனோ நிறுவினால் ஐந்தாறு பேருக்குத் தாராளம். டாலி ஓடும் கணினியிலேயே இதையும் நிறுவிவிடலாமே என்று தோன்றும். வாசலுக்குள் யாராவது புகுந்தால் நேரே கணக்கின் மேல் நிற்பார்கள் என்பதால் வேண்டாம்.

நிறுவ எளிய வழி, ஒவ்வொரு மென்பொருளையும் தனித்தனிப் பெட்டியில் (கன்டெய்னர்) ஓட்டும் டாக்கர். மூன்று பெட்டிகள் வேண்டும்: குவாக்டி, வலைச்செயலி, பயனர் விவரங்களுக்கு ஒரு போஸ்ட்கிரஸ் அல்லது மைசீக்குவல் தரவுத்தளம். முதல்முறை தரவுத்தளத்தின் அட்டவணைகளை நீங்கள்தான் உருவாக்க வேண்டும். அதற்கான கட்டளைக்கோப்பை வலைச்செயலியின் பெட்டியே எழுதித் தரும், அதைத் தரவுத்தளத்துக்குள் ஊட்ட வேண்டும். இந்தப் படியைத் தாண்டிவிட்டுப் போகிறவர்களுக்கு லாகின் பக்கம் வரும், ஆனால் எந்தக் கடவுச்சொல்லும் ஏற்காது. டாக்கர் இல்லாமல் நேரடியாக நிறுவுகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: குவாக்கமோலி 1.5 வரிசை டாம்கேட் 9-இல் ஓடும், 10-இல் ஓடாது. புதிய லினக்ஸில் தானாக வருவது 10 என்றால் பக்கமே திறக்காமல் மண்டை காயும்.

குவாக்டி 4822 என்ற எண்ணிலும், வலைச்செயலி 8080-இலும் இருக்கும். இரண்டும் உள்ளேயே இருக்கட்டும். குறிப்பாக 4822-ஐ எக்காரணம் கொண்டும் வெளியே காட்டக்கூடாது, ஏனென்றால் அங்கே லாகினே கிடையாது. யார் பேசினாலும் அது கேட்கும்.

முதல் லாகினுக்குப் பயனர் பெயர், கடவுச்சொல் இரண்டுமே ‘குவாக்அட்மின்’ என்பதுதான். உலகத்துக்கே தெரிந்த கடவுச்சொல் இது. உள்ளே போனதும் உங்களுக்கென்று வேறு பெயரில் ஒரு நிர்வாகியை உருவாக்கி, அதில் நுழைந்து பார்த்து, குவாக்அட்மினை அழித்துவிடுங்கள். கடவுச்சொல்லை மாற்றினால் போதாதா என்றால், பெயர் தெரிந்த கணக்கு என்பதே எதிராளிக்குப் பாதி வேலையை முடித்துக் கொடுக்கிறது.

பிறகு டிஓடிபி நீட்டிப்பைச் சேருங்கள். அடுத்த முறை நுழையும்போது திரையில் ஒரு கியூஆர் கட்டம் வரும். அலைபேசியில் கூகுள் ஆதென்டிகேட்டர் போன்ற செயலியில் அதைப் பிடித்தால், 30 வினாடிக்கு ஒருமுறை மாறும் ஆறு இலக்க எண் கிடைக்கும். கடவுச்சொல்லை யாராவது எட்டிப் பார்த்துவிட்டாலும் இந்த எண் இல்லாமல் நுழைய முடியாது. இந்த அத்தியாயத்தில் எதைச் செய்யாவிட்டாலும் இதைச் செய்யுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். பணியாளர்கள் முதல் வாரம் முணுமுணுப்பார்கள். வங்கி ஓடிபிக்குப் பழகியவர்களுக்கு இது பெரிய பாரமில்லை.

இப்போது முதல் இணைப்பு. நெறிமுறை ஆர்டிபி, அலுவலகக் கணினியின் உள் ஐபி முகவரி, எண் 3389, விண்டோஸ் பயனர் பெயர். சேமித்துத் திறந்தால் அநேகமாக உடனே அறுந்துபோகும். பயப்பட வேண்டாம். விண்டோஸ் கணினி தன் சான்றிதழில் தானே கையெழுத்துப் போட்டிருக்கும், குவாக்டி அதை நம்ப மறுக்கும். ‘இக்னோர் சர்வர் சர்டிஃபிகேட்’ என்ற கட்டத்தில் டிக் போட்டால் திறந்துவிடும். ஒரே அறைக்குள் ஒரே ஸ்விட்சில் இருக்கும் இரண்டு கணினிகளுக்கு நடுவே இது ஏற்கத்தக்கது. வாசல் ஓர் ஊரிலும் கணினி இன்னோர் ஊரிலும் இருந்தால் செய்யக்கூடாது. அதே பக்கத்தில் ‘கீபோர்டு லேஅவுட்’ என்பது அமெரிக்க ஆங்கிலமாக இருக்கிறதா என்றும் பாருங்கள். ஏன் என்பது பின்னால் வருகிறது.

வெளியிலிருந்து வருதல்

அலுவலகத்துக்குள் வேலை செய்கிறது, வெளியிலிருந்து வரவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டியது உங்கள் இணைய இணைப்பின் தன்மையை. ரவுட்டரின் நிலைப் பக்கத்தில் ‘வேன் ஐபி’ என்று ஒன்று காட்டும். பிரவுசரில் ‘என் ஐபி என்ன’ என்று தேடினால் இன்னொன்று காட்டும். இரண்டும் வேறாக இருந்தால், அதிலும் ரவுட்டரில் உள்ளது 100.64 முதல் 100.127 வரைக்குள் தொடங்கினால், உங்களுக்கென்று தனிப் பொது முகவரி இல்லை. பல வாடிக்கையாளர்கள் ஒரே முகவரியைப் பகிர்ந்துகொள்கிறீர்கள். இந்தியாவில் வீட்டு, சிறு அலுவலக இணைப்புகள் பலவும் இப்படித்தான். ரவுட்டரில் என்ன திறந்தாலும் வெளியிலிருந்து யாரும் வந்து சேர மாட்டார்கள். பணம் கட்டி நிலையான ஐபி கேட்டு வாங்கலாம், அல்லது உள்ளிருந்து வெளியே போகும் சுரங்கம் போடலாம்.

சுரங்கம் மூன்று விதமாகப் போடலாம். டெயில்ஸ்கேல் என்ற தனிவலை மென்பொருளை வாசல் கணினியிலும் பணியாளர் கருவிகளிலும் நிறுவினால், வாசல் இணையத்துக்குத் தெரியவே தெரியாது. பாதுகாப்பில் இதுதான் மேல். ஆனால் ‘எந்த பிரவுசரிலிருந்தும்’ என்ற வசதி போய்விடும். கிளவுட்ஃபிளேர் டனல் என்றால் வாசல் கணினியிலிருந்து அவர்கள் சர்வருக்கு இணைப்பு போகும், உங்கள் டொமைன் பெயரில் எவரும் பிரவுசரில் திறக்கலாம். மறைகுறியாக்கம் அவர்கள் சர்வரில் அவிழ்ந்து மீண்டும் கட்டப்படுகிறது என்பதை ஏற்றுக்கொள்ள முடிந்தால் இது எளிது. மூன்றாவது, மும்பையில் ஒரு சிறு விபிஎஸ் (மெய்நிகர் சர்வர்) வாடகைக்கு எடுத்து, அலுவலகத்திலிருந்து அதற்கு வயர்கார்டு சுரங்கம் போடுவது. வேலை கொஞ்சம் கூடுதல், எல்லாம் உங்கள் கையில் இருக்கும். ஐந்து பேர் வரை உள்ள அலுவலகத்துக்கு என் தேர்வு டெயில்ஸ்கேல். வெளியூர்க் கிளைகளில் கண்ட கணினியிலும் திறக்க வேண்டும் என்றால் விபிஎஸ்.

பொதுப் பெயரில் திறப்பதாக இருந்தால் குவாக்கமோலிக்கு முன்னால் என்ஜின்எக்ஸ் என்ற வலை சர்வரை வைத்து, எச்டிடிபிஎஸ் கட்டாயமாக்குங்கள். லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழ் இலவசம், வழக்கமாக 90 நாளுக்குத்தான் செல்லும். தானே புதுப்பிக்கும்படி அமைக்காவிட்டால் மூன்று மாதம் கழித்து ஒரு காலையில் எல்லோர் பிரவுசரும் எச்சரிக்கை காட்டும். என்ஜின்எக்ஸில் இரண்டு விஷயம் தவறினால் மவுஸ் ஊர்ந்து ஊர்ந்து நகரும்: ‘பிராக்ஸி பஃபரிங்’ அணைந்திருக்க வேண்டும், வெப்சாக்கெட்டுக்கான ‘அப்கிரேடு’ தலைப்பு உள்ளே போக வேண்டும். வெப்சாக்கெட் கிடைக்காவிட்டால் குவாக்கமோலி பிழை காட்டாது. சாதாரண எச்டிடிபிக்கு மாறிக்கொண்டு மெதுவாக ஓடும். அதனால் பலர் இணைய இணைப்பைத் திட்டிக்கொண்டிருப்பார்கள், கோளாறு இங்கே இருக்கும்.

குவாக்கமோலியின் 1.6.0 பதிப்பில் வந்த தடை நீட்டிப்பு நல்லது. ஒரே முகவரியிலிருந்து ஐந்து முறை தவறான கடவுச்சொல் வந்தால் ஐந்து நிமிடம் அந்த முகவரியைத் தடுக்கும். ஆனால் என்ஜின்எக்ஸுக்குப் பின்னால் இருக்கும்போது, உண்மையான முகவரியை டாம்கேட்டுக்குத் தெரிவிக்க அமைக்கவில்லையென்றால், எல்லோரும் என்ஜின்எக்ஸின் முகவரியிலிருந்தே வருவதாக அது நினைக்கும். யாரோ ஒருவர் கடவுச்சொல்லை மறந்து தட்டினால் மொத்த அலுவலகமும் வெளியே நிற்கும்.

அன்றாடப் புழக்கம்

கன்ட்ரோல், ஆல்ட், ஷிஃப்ட் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் பக்கவாட்டில் குவாக்கமோலியின் பட்டி திறக்கும். அலைபேசியில் இடது ஓரத்திலிருந்து விரலை இழுக்க வேண்டும். ஒட்டுப்பலகை, கோப்புகள், எழுத்து உள்ளீடு, பெரிதாக்குதல் எல்லாம் அங்கே. இந்த ஒன்றை மட்டும் பணியாளர்களுக்கு முதல் நாளே சொல்லிக்கொடுங்கள்.

சில விசைகளை பிரவுசர் விட்டுக்கொடுக்காது. டாலியில் கன்ட்ரோல்-என் அழுத்தினால் கால்குலேட்டர் வரும், பிரவுசரிலோ புதிய சாளரம் திறந்துகொள்ளும். பழக்கத்தில் கை போகும்போதெல்லாம் வெற்றுச் சாளரம் திறந்தால் எரிச்சலில் வேலை ஓடாது. குரோமில் எஃப்11 அழுத்தி முழுத்திரைக்குப் போய்விட்டால் இந்த விசைகள் தொலைவில் உள்ள கணினிக்கே போய்ச் சேரும். கன்ட்ரோல்-ஆல்ட்-டெலிட் எப்போதும் உங்கள் கையில் உள்ள கணினிக்குத்தான் வேலை செய்யும். தொலைவில் உள்ளதற்கு கன்ட்ரோல்-ஆல்ட்-எண்ட்.

தமிழ்த் தட்டச்சுக்குத் தனியாக ஒரு பத்தி ஒதுக்கத்தான் வேண்டும், நிறையப் பேர் இங்கேதான் முட்டி நிற்கிறார்கள். வீட்டுக் கணினியில் தமிழ்99 விசைப்பலகையை இயக்கிவிட்டு பிரவுசருக்குள் தட்டினால் சில எழுத்து விழும், சில விழாது, சில இரட்டிக்கும். முறை என்னவென்றால், வீட்டுக் கணினியை ஆங்கிலத்திலேயே விட்டுவிடுங்கள். தமிழ்99-ஐயோ, அழகி, என்எச்எம் ரைட்டர் போன்றவற்றையோ அலுவலகக் கணினியில் நிறுவி, அங்கே தமிழுக்கு மாறுங்கள். அப்போது எந்த விசை என்ற தகவல் மட்டும் போகும், எழுத்தாக மாற்றும் வேலை அங்கே நடக்கும். இணைப்பின் விசைப்பலகையை அமெரிக்க ஆங்கிலமாக வைக்கச் சொன்னது இதற்குத்தான். அலைபேசியில் மட்டும் இதற்கு நேர்மாறு: பட்டியில் ‘டெக்ஸ்ட் இன்புட்’ முறையைத் தேர்ந்துகொண்டு, அலைபேசியின் தமிழ் விசைப்பலகையிலேயே தட்டுங்கள்.

அச்சுக்கு, இணைப்பில் ‘எனேபிள் பிரிண்டிங்’ போட்டால் அலுவலகக் கணினியில் ‘குவாக்கமோலி பிரிண்டர்’ என்று ஒன்று தோன்றும். டாலியிலிருந்து அதற்கு அச்சிட்டால் பில் பிடிஎஃப் ஆக உங்கள் பிரவுசரில் இறங்கும், வீட்டு பிரிண்டரில் எடுத்துக்கொள்ளலாம். கோப்புகளுக்கு ‘எனேபிள் டிரைவ்’ இருக்கிறது. ஒரு கூடுதல் டிரைவ் தெரியும். அதற்குள் இருக்கும் ‘டவுன்லோட்’ கோப்புறையில் எதைப் போட்டாலும் பிரவுசரில் இறங்கும். இந்த டிரைவ் உண்மையில் இருப்பது வாசல் கணினியில். ஆளுக்கொரு பாதை கொடுக்காவிட்டால் ஒருவர் போட்ட சம்பளப் பட்டியலை எல்லோரும் பார்ப்பார்கள்.

டேபை மூடினால் இணைப்பு மட்டும்தான் அறும், அங்கே திறந்திருந்த டாலி அப்படியே இருக்கும். வீட்டில் நெட் போய் வந்தாலும் பாதி போட்ட வவுச்சர் காத்திருக்கும். வேலை முடிந்த பிறகு மட்டும் ‘சைன் அவுட்’ செய்யப் பழக்குங்கள்.

மெதுவாக இருக்கிறதா?

இணைப்பின் வேகம் 100 எம்பிபிஎஸ் என்பதைப் பற்றி இங்கே பெருமைப்பட ஒன்றுமில்லை. கணக்கு வேலைக்கு ஒரு சில எம்பிபிஎஸ் போதும். தாமதம்தான் முக்கியம். கண்ணாடி இழையில் ஒளி வினாடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் போகிறது. சென்னையிலிருந்து மும்பைக்குப் போய்த் திரும்ப 10 மில்லிசெகண்டுக்குக் குறையாது. வாடகை மலிவு என்று அமெரிக்கக் கிழக்குக் கரையில் விபிஎஸ் எடுத்தால், 13,500 கிலோமீட்டர் போய்வர ஒளிக்கே 135 மில்லிசெகண்ட் ஆகும், நடைமுறையில் அதைவிடக் கூடும். ஒவ்வொரு எழுத்தும் விரலுக்குப் பின்னால் வந்து சேரும். எந்த அமைப்பை மாற்றினாலும் அந்தத் தூரம் குறையாது. சர்வரை அருகில் எடுங்கள்.

அதன் பிறகும் தயங்கினால் இணைப்பில் வண்ண ஆழத்தை 16 பிட் ஆக்குங்கள். வால்பேப்பர், அனிமேஷன் தேர்வுகளில் டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள். வீட்டில் வைஃபைக்குப் பதில் கம்பி போட்டுப் பாருங்கள். காணொளி பார்க்கவும் படத்தொகுப்புக்கும் இந்த வழி ஏற்றதல்ல.

யாருக்கு எவ்வளவு

விண்டோஸ் சர்வர் வைத்திருப்பவர்கள் முழு டெஸ்க்டாப்புக்குப் பதில் டாலி சாளரத்தை மட்டும் காட்டலாம். ரிமோட்ஆப் என்று அதற்குப் பெயர். பணியாளருக்குக் குழப்பம் குறையும். ஆனால் அதைப் பாதுகாப்பு என்று நம்பிவிடாதீர்கள். ‘ஃபைல் ஓபன்’ பெட்டி ஒன்று திறந்தாலே வட்டு முழுக்கக் கண்ணில் படும். தடுக்க வேண்டியதை விண்டோஸ் பயனர் உரிமையில் தடுங்கள்.

தற்காலிகமாக வரும் வெளியாளுக்கு, நகலெடுப்பதையும் கோப்பு இறக்குவதையும் இணைப்பின் அமைப்பிலேயே அணைத்து வைக்கலாம். மென்பொருள் கோளாறு பார்க்க வருபவருக்குப் பகிர்வு இணைப்பு அனுப்பினால், நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும் திரையை மட்டும் அவர் பார்ப்பார். பார்வைக்கு மட்டும் என்றும் அதை வைக்கலாம். அமர்வு முழுவதையும் பதிவு செய்யும் வசதியும் உண்டு. அதை இயக்கினால் பணியாளர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், மறைத்துச் செய்வது முறையல்ல.

‘ஹிஸ்டரி’ பக்கத்தை வாரம் ஒருமுறை பாருங்கள். யார், எந்த முகவரியிலிருந்து, எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் என்று எல்லாம் இருக்கும். விடியற்காலை மூன்று மணிக்கு ஒரு லாகின் தெரிந்தால் அன்றே அந்தப் பணியாளரிடம் கேளுங்கள். நெட் சென்டர் கணினியிலிருந்து திறக்க வேண்டாம் என்று எல்லோரிடமும் சொல்லி வையுங்கள். ஒருவர் வேலையை விட்டுப் போகும் நாளில், அவர் கையில் கடைசிச் சம்பளம் போய்ச் சேரும் முன்பே குவாக்கமோலியிலும் விண்டோஸிலும் அவர் கணக்கை முடக்கிவிடுங்கள். நல்லவர்தானே என்று விட்டுவைத்த கணக்கின் கடவுச்சொல் பின்னால் வேறு யார் கைக்கும் போகலாம்.

கடைசியாகப் புதுப்பிப்பு. தரவுத்தளத்தை முதலில் பேக்கப் எடுங்கள். குவாக்டியையும் வலைச்செயலியையும் ஒரே பதிப்புக்கு ஒன்றாகவே உயர்த்துங்கள். புதிய பதிப்பு தரவுத்தள அட்டவணைகளில் மாற்றம் கேட்டால் அதற்கான கட்டளைக்கோப்பும் அதனுடனே வரும், அதையும் ஓட்டிவிட்டுத்தான் திறக்க வேண்டும். இதைத் தாக்கல் தேதிக்கு முந்தைய வாரத்தில் செய்யாதீர்கள்.